மணி அடிக்காத கல்யாணம்

நாங்கள் வெள்ளிவிழா கொண்டாடியது இருபத்து நான்காவது வருஷத்தில். சென்ற வருஷம் எங்கள் கோயில் பங்குத் திருவிழாவில், கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடித்த ஐந்து ஜோடிகளைப் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்திப் பொன்னாடை போட்டார்கள். நான்காவது ஜோடி நாங்கள். என் வீட்டுக்காரர் பொன்னாடையைத் தோளில் வாங்கிக்கொண்டு, உதடு அசையாமல், "இன்னும் ஒரு வருசம் இருக்குதுடி" என்றார். நான் அவர் காலை மிதித்தேன்.

அந்த ஒரு வருஷப் பொய்யால்தான் இந்தப் பேச்சு என் தலையில் விழுந்தது. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவளை ஃபாதர் கூப்பிட்டார். கல்யாணம் பேசி முடித்த ஜோடிகளுக்கு எங்கள் பக்கத்துப் பங்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு சனிக்கிழமை முழுநாள் வகுப்பு வைப்பது வழக்கம். அந்த வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் ஓலை வாசிக்க மாட்டார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பதுதான் ஓலை. வகுப்பில் ஜெபத்துக்கு ஒருவர், குடும்பச் செலவுக்கு ஒருவர், மாமியார் மருமகள் விவகாரத்துக்கு ஒருவர் என்று ஆள் உண்டு. கருவில் இருக்கும் உயிரைப் பற்றித் திருச்சபை என்ன சொல்கிறது என்று இருபது நிமிடம் பேச டவுனிலிருந்து ஒரு டாக்டரம்மா வருவார். இந்த முறை அவரால் வர முடியவில்லை.

"நீங்க பேசுங்கம்மா. வெள்ளிவிழா ஜோடி நீங்க. வாழ்ந்து காட்டினவங்க சொன்னா எடுபடும்" என்றார் ஃபாதர். நான் தயங்கினேன். உடனே அவர், "கஷ்டம்னா வேணாம். டீச்சரம்மாவைக் கேட்டுக்கறேன்" என்றார்.

டீச்சரம்மா என்பவர் எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முன் வரிசையில் உட்கார்ந்து, நான் பாடும்போது ராகம் தப்பினால் திரும்பிப் பார்ப்பவர். "எதுக்கு ஃபாதர் அவங்களுக்குச் சிரமம்? நானே பேசறேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. எனக்கு இது ஒரு வியாதி. என்னால் முடியாது என்று நான் சொல்லலாம், இன்னொருத்தர் நினைத்துவிடக் கூடாது.

ஃபாதர் மூன்று புத்தகங்கள் கொடுத்தார். வீட்டின் முன்னறையில்தான் என் தையல் கடை. பாகூர் போகிற சாலையைப் பார்த்த மாதிரி மிஷின் போட்டிருக்கிறேன். இரண்டு நாள் மிஷினை மூடிவைத்து, துணி வெட்டுகிற மேசையில் புத்தகங்களைப் பரப்பி, நீள நோட்டில் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். கரு உண்டான கணத்திலிருந்து அது ஒரு மனித உயிர். அதைக் கொடுத்தவர் கடவுள். அதைக் கலைக்க அப்பனுக்கோ ஆத்தாளுக்கோ டாக்டருக்கோ உரிமை இல்லை. ஊனத்தோடு பிறக்கப் போகிற பிள்ளைக்கும், படுக்கையில் கிடக்கிற கிழவருக்கும், யாரும் கேட்பாரற்ற ஏழைக்கும் மதிப்பு ஒன்றுதான். அதையெல்லாம் எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நான் நம்புவது அதுதான். ஆனால் புத்தகத்தில் இருந்த தமிழையே அப்படியே இறக்கி வைத்திருந்தேன். 'மானுட மாண்பின் மீறவியலாத் தன்மை' என்று மூன்றாம் பக்கத்தில் எழுதிவிட்டு, அதை எச்சில் விழுங்காமல் சொல்ல ஒரு மணிநேரம் பழகினேன்.

என் வீட்டுக்காரர் மோட்டார் மெக்கானிக். கரும்புக்கும் நெல்லுக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எரிந்துபோனால், பழைய காயிலை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். பின்பக்கம் கொட்டகையில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்று, பன்னிரண்டு பக்கத்தையும் வாசித்தேன். ஆறாவது பக்கத்தில் கையைத் தூக்கினார்.

"நிறுத்துடி. எத்தினி சுத்து சுத்தினேன்னே மறந்துட்டேன்."

"நல்லா இருக்குதா இல்லியா, அத்தச் சொல்லுங்க."

"எலெக்‌ஷன் நோட்டீஸ் மாதிரி இருக்குது. நீ துணி வெட்டும்போது பேசற மாதிரி பேசேன். புக்கு பேசறதுக்கு நீ எதுக்கு?"

கோபத்தில் அன்று அவருக்கு மத்தியானச் சாப்பாட்டில் அப்பளம் வைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்தது. பன்னிரண்டு பக்கத்தில் நான் எங்கேயும் இல்லை.

புதன்கிழமை காலை மிஷினைத் திறந்தேன். பதினோரு மணிக்கு மணப்பட்டிலிருந்து ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தாள். இருபத்து மூன்று வயது. மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை. தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஈஸ்டர் முடிந்து தேதி பார்த்திருந்தார்கள். அவளுக்குக் கோயிலுக்கு உடுத்த வெள்ளைச் சேலை, முழங்கை வரை கை வைத்த ரவிக்கை, கையிலும் முதுகிலும் ஆரி ஊசிப் பூவேலை. ஆரி போடக் கொடுத்த துணி திரும்பி வர நாளாகும் என்று கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அளவு எடுத்திருந்தேன். இப்போது முதல் முறையாகப் போட்டுப் பார்க்க வந்திருந்தாள்.

கொக்கி மாட்டவில்லை. கீழே ஒன்று மாட்டியது. அதற்கு மேல் மூன்று விரல் இடைவெளி. டேப்பை எடுத்து மார்பைச் சுற்றிப் பிடித்தேன். ஏழு வாரத்தில் இரண்டு இன்ச் ஏறியிருந்தது. இடுப்பும் கையும் பழைய அளவு. இருபது வருஷமாக டேப் பிடிக்கிறவளுக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டில் ஏறுகிற உடம்பு எல்லாப் பக்கமும் ஏறும்.

அந்தப் பெண் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள். "ஆன்ட்டி, உள்ள துணி விட்டுத்தானே தெச்சிருக்கீங்க? பிரிச்சி விட்டுருங்க. இன்னும் கூட வேண்டியிருக்கும்" என்றாள்.

"ஒண்ணியும் பிரிக்க வேணாம்" என்றாள் அம்மா. "ஒடம்பு ஊதிக்கீது. எறங்கிடும். அளவு அப்பிடியே இருக்கட்டும்க்கா."

"எறங்காதும்மா" என்றாள் பெண். தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் சொன்னாள்.

அம்மா அவளை வெளியே அனுப்பினாள். ஸ்கூட்டி பக்கத்தில் போய் நில்லு, இதோ வருகிறேன் என்று. பிறகு என் பக்கம் திரும்பினாள். புருஷன் போன பிறகு தலையில் மீன் கூடை சுமந்து அரியாங்குப்பம் வரைக்கும் போய் விற்று வளர்த்த பெண் அது. அந்த அம்மா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனுக்குத் தெரிஞ்சிப் போச்சி. மறைக்கறதுக்கு இன்னா இருக்குது. அந்தப் பையனுக்கும் தெரியும். வெச்சிக்கலாம்னுதான் சொல்றான். அவனுக்கு இன்னாக்கா, ஆம்பள. ஈஸ்டருக்குள்ள இவுளுக்கு வயிறு தெரிஞ்சிடும். தெரிஞ்சா இன்னா பண்ணுவாங்க? வெடியக்காலம் அஞ்சர மணிக்கு வான்னுவாங்க. மணி கெடையாது, பூவு கெடையாது, பாட்டு கெடையாது. எங்க தெருவுல ரெண்டு பேருக்கு அப்பிடித்தான் நடந்துச்சி. இன்னிய வரைக்கும் அவுளுங்களுக்கு அஞ்சர மணிக்காரின்னுதான் பேரு. எம்பொண்ணுக்கு அந்தப் பேரு வேணாம். சனிக்கெழம கிளாஸ் முடியட்டும். திங்கக்கெழம ஒரு எடத்துக்கு இட்டுனு போறேன். சொல்லி வெச்சிட்டேன்."

"பொண்ணு ஒத்துக்கினாளா?"

"அழுதுனு கெடக்கறா. அழட்டும். அப்புறம் சிரிச்சிக்கினு கல்யாணம் பண்ணிக்கலாம்." அவள் கையை எடுத்துக்கொண்டாள். "ரவிக்கையில கைய வெக்காத. யாருகிட்டயும் வாயத் தொறக்காத."

அவர்கள் போன பிறகு அந்த வெள்ளை ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வழக்கமாக இரண்டு பக்கமும் ஒன்றரை இன்ச் துணியை உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பேன். பெண்கள் உடம்பு ஒரே அளவில் நிற்பதில்லை. துணி கையில் இருந்தது. பிரித்துவிட ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிட வேலைக்குள் ஒரு உயிர் இருந்தது. மேசையில் என் பன்னிரண்டு பக்கம் விசிறிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஏனென்றால், நானும் ஒரு அஞ்சரை மணிக்காரி.

வில்லியனூர் பக்கத்தில் என் பிறந்த ஊர்க் கோயிலில், கல்யாணமே வைக்காத தவக்காலத்தில், அவசரமாக ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குக் கல்யாணம் நடந்தது. வயிற்றில் நான்கு மாதம். என் அம்மாவும் அப்போது ஓர் இடம் விசாரித்து வைத்திருந்தாள். நான் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்து அதைத் தடுத்தேன். அதற்குக் கிடைத்த தண்டனை அந்த விடியற்காலம். கட்டியிருந்தது வீட்டில் உடுத்துகிற சேலை. பீடத்தில் ஒரு பூ இல்லை. மணி அடிக்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். மொத்தம் ஏழு பேர். என் அப்பா வரவில்லை. சாமியார் மந்திரித்துக் கொடுத்த தாலியை இவர் என் கழுத்தில் கட்டினார். வெளியே வந்தபோது தெருவில் பால்காரர் மட்டும் இருந்தார். ஐந்து மாதத்தில் மகள் பிறந்தாள். அவளுக்கு எட்டு மாதமானபோது, எங்களை யாருக்கும் தெரியாத இந்த ஊருக்குக் குடிவந்தோம். வாடகைக்கு வீடு விட்ட அம்மா, "கல்யாணம் ஆயி எத்தினி வருசம் ஆவுது?" என்று கேட்டார். ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு என்றேன். பின்னால் நின்ற இவர் கையில் இருந்த ஸ்டவ் நழுவிக் கீழே விழுந்தது.

அந்த ஒரு வருஷத்தைத்தான் இத்தனை காலமாகத் தூக்கிச் சுமந்தோம். மகளுக்கும் அதையே சொல்லி வளர்த்தோம்.

பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்து மறுபடி படித்தேன். உயிரைக் காப்பாற்று, உயிரைக் காப்பாற்று என்று பக்கத்துக்குப் பக்கம் பெண்ணுக்குப் புத்தி சொல்லியிருந்தேன். காப்பாற்றினால் கோயில் உன்னை எப்படி நடத்தும் என்று ஒரு வரி இல்லை. மீன்கூடை சுமந்தவள் பயந்தது டாக்டருக்கு அல்ல, கடவுளுக்கும் அல்ல. எங்களுக்குத்தான் பயந்தாள். கோயிலுக்குத் தலைகுனியாமல் போக வேண்டும் என்பதற்காகவே அந்தப் பிள்ளையைக் கலைக்கப் போகிறாள். இப்படி ஒரு தப்பை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா வராத அந்த விடியற்காலத்துக்காக அன்றுதான் முதல்தடவை கோபப்பட்டேன். அதுவரை வெட்கம் மட்டும்தான் பட்டிருந்தேன்.

அந்தப் பெண்ணின் விஷயத்தை நான் வெளியே சொல்ல முடியாது. என்னுடையதைச் சொல்லலாம்.

சாயங்காலம் கொட்டகைக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். யாருடைய விஷயம் என்று சொல்லாமல், நம் கதையைச் சனிக்கிழமை சொல்லப் போகிறேன் என்று மட்டும். கம்பியைக் கீழே வைத்தார்.

"பொன்னாடையத் திருப்பிக் கேப்பாங்களா?"

"கேட்டா குடுத்துடலாம்."

"அதுல வண்டியத் தொடச்சிட்டேனே" என்றார். பிறகு, "மொதல்ல பாப்பாகிட்ட சொல்லு. ஊரு அப்புறம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரும் அந்த விடியற்காலத்தை மறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மகள் சென்னையில் வேலை செய்கிறாள். போன் போட்டு, சுற்றி வளைத்து ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது.

"அம்மா, காலேஜ் சேரும்போது சர்டிபிகேட் தேடச் சொல்லி பீரோ சாவியக் குடுத்தது யாரு? உங்க கல்யாணப் பேப்பர் அதுக்குள்ளதான் இருந்துச்சி."

"ஏழு வருசமா தெரியுமா உனக்கு?"

"தெரியும். உங்க வெள்ளிவிழா கேக்குல இருபத்தி நாலுன்னு எழுதச் சொல்லலாமான்னு கூட நெனச்சேன். பாவம்னு விட்டுட்டேன்." பிறகு அவள் குரல் மாறியது. "சொல்லிடும்மா. அந்தப் புள்ள நான்தான்னு சொல்லு. என் போட்டோவ வேணும்னா காட்டு."

போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. இவருக்கும் எனக்கும் நிறைய அப்பளம் பொரித்தேன்.

சனிக்கிழமை பங்கு மண்டபத்தில் பதினான்கு ஜோடிகள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை மாப்பிள்ளையோடு தனியாக அனுப்ப மாட்டார்கள். வகுப்புக்கும் அம்மாக்கள் கூடவே வந்து, மண்டபத்துக்கு வெளியே ஜன்னலை ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே பேசுவது அவர்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். மூன்றாவது ஜன்னலில் மணப்பட்டு அம்மா இருந்தாள். அவள் பெண் இரண்டாவது வரிசையில், துப்பட்டாவை மடியில் குவித்து வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பையன், செல்போன் கடையில் வேலை செய்பவன், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டு வேர்த்துக்கொண்டிருந்தான். சுவர் ஓரத்தில் ஃபாதர். டீ பாத்திரத்தின் பக்கத்தில் டீச்சரம்மா.

நோட்டை எடுத்துப் போயிருந்தேன். ஆனால் திறக்கவில்லை. மைக்கைப் பிடித்தேன். துணி வெட்டும்போது பேசுகிற மாதிரி பேசு என்று இவர் சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்கள வெள்ளிவிழா ஜோடின்னு ஃபாதர் சொன்னாரு. அது பொய். எங்களுக்கு இருபத்தஞ்சு முடியறது வர்ற தவக்காலத்துலதான். ஒரு வருசத்தக் கூட்டிச் சொன்னோம். எதுக்குன்னா, கல்யாணத்தன்னிக்கி எம்பொண்ணு எம்வயித்துல இருந்தா."

ஜன்னலுக்கு வெளியே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. நான் சொல்லிக்கொண்டே போனேன். அஞ்சரை மணி, பூ இல்லாத பீடம், வராத அப்பா, பால்காரர், எல்லாம். அதன் பிறகுதான் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். இப்போது அது சுலபமாக வந்தது.

"கருவுல இருக்கறது ஒரு உயிரு. முழு உயிரு. அது சாமி குடுத்தது, அதைக் கலைக்கறது பாவம்னு நம்ம சபை சொல்லுது. அது மாறாது. நானும் அதைத்தான் நம்பறேன். ஆனா அதே சபை இன்னொண்ணும் சொல்லுது. அதை யாரும் பெருசா சொல்றதில்ல. அந்த உயிரச் சுமக்கறவளையும் காப்பாத்தணுமாம். அவ கையப் புடிச்சிக்கறது நம்ம வேலையாம். புள்ளைய வெச்சிக்கோன்னு சொல்லிட்டு, வெச்சிக்கினவள வெடியக்காலத்துல ஒளிச்சி வெச்சி தாலி கட்டினா, நாம பாதி வேதத்ததான் படிச்சிருக்கோம். ஏற்கெனவே கலைச்சிட்டு மனசுல வெச்சிப் புழுங்கறவங்க யாராவது இருந்தா, அவங்களுக்கும் கதவு தெறந்துதான் இருக்குது. ஃபாதர்கிட்ட வரலாம். ஆனா யாரும் நமக்குப் பயந்து ஒரு புள்ளையக் கலைக்கக் கூடாது. இருபத்தஞ்சு வருசமா நான் வெக்கப்பட்டேன். எம்பொண்ணு போன்ல சிரிச்சா. வெக்கப்பட வேண்டியது நானில்லன்னு இப்பத்தான் புரியுது."

வாயே திறக்க மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் பின் வரிசையில் எழுந்து நின்றார். மைக் வேண்டியிருக்கவில்லை. ஓடுகிற மோட்டாருக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது.

"ஃபாதர், ஒரு டவுட்டு. வயித்துல புள்ள இருந்தா கோயில்ல மணி அடிக்கக் கூடாதுன்னு எங்கியாவது எழுதிக்கீதா?"

ஃபாதர் சுவரை விட்டு முன்னால் வந்தார். அவருக்கு முகம் சிவந்திருந்தது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எங்கயும் இல்ல" என்றார். "அது நாம பழக்கத்துல பண்ணினது. எனக்கு முன்னாடி இருந்தவங்க பண்ணாங்க. நானும் வந்து ஒருதடவை பண்ணிட்டேன். இனிமே இந்தப் பங்குல கிடையாது. ஈஸ்டர் முடியட்டும். யாரா இருந்தாலும் காலையில பத்து மணி. பாட்டு, பூ, பெரிய மணி, எல்லாம் உண்டு. வயிறு இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி."

இரண்டாவது வரிசையில் அந்தப் பையன் எழுந்தான். "ஃபாதர், அப்ப எங்களுக்குப் பத்து மணின்னே எழுதிக்குங்க. மொத ஆளா சொல்லிட்டேன்" என்றான். மற்ற மாப்பிள்ளைகள் எங்களுக்கு, எங்களுக்கு என்று கத்தி எல்லாரும் சிரித்தார்கள். அவன் எதற்காகச் சொன்னான் என்று அங்கே நான்கு பேருக்குத்தான் தெரியும். அந்தப் பெண் துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் மூன்றாவது ஜன்னலைப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

டீ குடிக்கும்போது டீச்சரம்மா வந்தார். "இப்படி மைக்குல சொன்னா பொண்ணுங்களுக்குக் குளிர் விட்டுப் போயிடும்" என்றார்.

"டீச்சர், எனக்குக் குளிர் விடவேயில்ல. அஞ்சரை மணிக்கு நடுங்கினது இன்னும் நடுங்குது. அதுங்களுக்காவது விடட்டும்" என்றேன். அவர் என் டம்ளரை வாங்கி இன்னொரு தடவை டீ ஊற்றினார். சர்க்கரை அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் எனக்கு வேலை ஓடவில்லை. அந்த அம்மா எப்போது எழுந்து போனாள்? ஃபாதர் சொன்னதைக் கேட்டாளா, அதற்கு முன்பே போய்விட்டாளா? நான் பேசியது அவளை அவமானப்படுத்துவதாகப் பட்டிருந்தால்? திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து, மிஷினில் எண்ணெய் விட்டு, விட்ட எண்ணெயைத் துடைத்து, மறுபடி விட்டேன். ஒன்பது மணி ஆனது. பத்து ஆனது. இந்நேரம் பஸ் ஏறியிருப்பார்கள் என்று நினைத்து வாசலுக்குப் போய்ச் சாலையைப் பார்த்தேன். வெள்ளை ரவிக்கை கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க முடியாமல் திருப்பி மாட்டினேன்.

பதினொன்றேகாலுக்கு வாசலில் நிழல் விழுந்தது. மணப்பட்டு அம்மா. தனியாக வந்திருந்தாள். தலையில் மீன் கூடை இருந்தது. வழக்கம் போல விற்றுவிட்டு வருகிறாள். கூடையை இறக்கிவைத்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். கம்பியிலிருந்து ரவிக்கையை எடுத்து என் மடியில் போட்டாள்.

"பிரி" என்றாள்.

நான் ரவிக்கையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இன்னா பாத்துனு கீற? பிரிச்சி விடு. ஈஸ்டருக்கு அஞ்சு மாசம் ஆயிடும். உள்ள விட்ட துணி பத்துமா?"

"பத்தாது. ரெண்டு பக்கமும் பட்டை வெச்சிக் குடுக்கணும். ஆரி மேல கை படாம வெச்சித் தரேன்."

"எத்தினி வேணுமோ வை. நல்லா மூச்சு வுட்டு நிக்கணும் எம்பொண்ணு." அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். "அன்னிக்கி எழுந்து எங்க போனேன்னு நெனச்ச? ஃபாதர் பத்து மணின்னு சொன்ன ஒடனே அவரு ரூம் வாசல்ல போயி நின்னுக்கினேன். வந்த ஒடனே கேட்டேன். மணி நெஜமாவே அடிப்பீங்களா, இல்ல மைக்குக்குச் சொன்னீங்களான்னு. எம்முன்னாலயே டைரியில எழுதினாரு."

நான் பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தேன். இரண்டு பக்கமும் மடித்து விட்டிருந்த துணி வெளியே வந்தது. வெளிச்சம் படாத துணி. மற்றதைவிட வெள்ளையாக இருந்தது. அவள் கூடையில் மிச்சமிருந்த நான்கு சங்கரா மீனை இலையில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். இவர் அன்று மூன்று தடவை குழம்பு போட்டுக்கொண்டார்.

தவக்காலம் வந்தது. எங்கள் நிஜமான இருபத்தைந்தாவது கல்யாண நாளன்று மகள் சென்னையிலிருந்து கேக்கோடு வந்தாள். அதில் இந்த முறை இருபத்தைந்து என்று எழுதியிருந்தது. அடைப்புக்குள் 'ஒரிஜினல்' என்று வேறு போட்டிருந்தாள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை.

ஈஸ்டர் முடிந்த இரண்டாவது சனிக்கிழமை. பட்டை வைத்த ரவிக்கையை அந்தப் பெண்ணுக்கு நானே போய் மாட்டிவிட்டேன். கொக்கி ஒவ்வொன்றாக, சிரமமே இல்லாமல் விழுந்தது. வெள்ளைச் சேலையில் வயிறு தெரிந்தது. அவள் அதை மறைக்கவில்லை. தலையில் நெட் முக்காட்டை வைத்ததும், "மூச்சு விட முடியுது ஆன்ட்டி" என்றாள். பீடம் முழுக்கப் பூ. பாட்டுக் குழுவில் முன்னால் நின்று டீச்சரம்மா எல்லாருக்கும் ராகம் சரிசெய்துகொண்டிருந்தார். மணப்பட்டுத் தெருவே வேன் வைத்து வந்திருந்தது. அந்த அம்மா பட்டுச் சேலையில் வாசலில் நின்று, வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கைகூப்பி வரவேற்றாள்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மணிக்கூண்டுக்குக் கீழே போனேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு உபதேசியார் நின்றிருந்தார். கோயில் வேலையெல்லாம் பார்க்கிற பெரியவர். "நான் அடிக்கட்டுமா?" என்றேன். அவரும் அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் இருந்தவர்தான். ஒன்றும் கேட்காமல் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

இழுத்தேன். முதல் இழுப்பில் சத்தம் வரவில்லை, கயிறு மட்டும் கனத்தது. இரண்டாவது இழுப்பில் மேலே பெரிய மணி அடித்தது. என் நெஞ்சுக்குள் அடித்த மாதிரி இருந்தது. அந்தப் பெண் உள்ளே நுழைவது தெரிந்தது. பையன் பீடத்தருகே திரும்பிப் பார்த்தான். என் வீட்டுக்காரர் வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அடித்தேன். அவளுக்காக அடித்தேன். அவள் தெருவிலிருக்கிற இரண்டு அஞ்சரை மணிக்காரிகளுக்காக அடித்தேன். வீட்டுச் சேலை கட்டிக்கொண்டு ஏழு பேர் முன்னால் நின்ற ஒருத்திக்காகவும் அடித்தேன். தோள்பட்டை வலித்தது. கண்ணீர் வாய்க்குள் போனது. எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

"போதும்மா" என்றார் உபதேசியார். "ஊரே வந்துட்டுது."

"வரட்டும்" என்றேன். கயிற்றை விடவில்லை.